சி டிரைவ் சிவந்துவிட்டதா? பழைய ரீஸ்டோர் பாயிண்ட்களையும் பேக்கப்களையும் பத்திரமாக நீக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரு மர்ஃபி டவுனில் என் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பெயர்ப்பலகையில்தான் ஜெராக்ஸ், பிழைப்பு கல்யாணப் பத்திரிகையில். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம், கார்டுக்கு மட்டும் இங்கிலீஷ் என்று கேட்கிறவர்களுக்குக் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் கேட்டபடி அடித்துக் கொடுப்பார். ஆவணி முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கும் நேரத்தில் ஒருநாள் காலை போன்.

"டேய், கோரல்டிரால சேவ் குடுத்தா டிஸ்க் ஃபுல்லுங்குது. பொண்ணு வீட்டுக்காரங்க கடையிலயே உக்காந்துருக்காங்க."

"எதையும் அழிக்காம அப்படியே வைங்க சித்தப்பா, வந்துடறேன்."

"நேத்தே நம்ம ஊர்த் திருவிழா போட்டோ எல்லாம் அழிச்சுட்டேன்டா. அப்பவும் பத்தல."

ஒயிட்ஃபீல்டில் மெட்ரோ ஏறி அல்சூரில் இறங்கி நான் போய்ச் சேர்ந்தபோது, 238 ஜிபி சி டிரைவில் 640 எம்பி மிச்சம் இருந்தது. (256 ஜிபி என்று விற்ற எஸ்எஸ்டி 238 காட்டுவதற்குக் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.) இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது சித்தப்பாவின் போட்டோக்கள் இல்லை. கண்ணுக்கே தெரியாத பழைய மீட்பு நகல்கள். திருவிழா படங்கள் போனதுதான் மிச்சம்.

அன்றைக்குச் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். திரையில் இங்கிலீஷில் தெரியும் பெயர்களை அதே உச்சரிப்பில் தமிழில் தருகிறேன். போனில் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பேக்கப்பைச் சொல்கிறீர்கள்?

"பழைய பேக்கப்பை அழிக்கணும்" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி இது. ஏனென்றால் ஒரே பெயரில் நாலைந்து பேர் வீட்டுக்குள் குடியிருக்கிறார்கள்.

ரீஸ்டோர் பாயிண்ட் என்பது ஒன்று. புது டிரைவரோ (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்) அப்டேட்டோ ஏறும் முன், பிறகு திரும்பி வர வசதியாக, அப்போதைய நிலையை விண்டோஸ் தானே எடுத்து வைப்பது. விண்டோஸ்.ஓல்டு என்பது இன்னொன்று: 10-லிருந்து 11-க்குத் தாவும்போது பழைய விண்டோஸ் முழுவதையும் ஒரு ஃபோல்டரில் மூட்டை கட்டி வைக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால் ஏராளமான கம்ப்யூட்டர்கள் அந்தச் சமயத்தில் தாவின; சித்தப்பாவுடையதும் தாமதமாக அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. மூன்றாவது சிஸ்டம் இமேஜ், அதாவது முழு டிரைவின் அச்சு அசலான பிரதி. நான்காவது ஃபைல் ஹிஸ்டரி, உங்கள் கோப்புகளின் பழைய பதிப்புகள். ஐந்தாவது, கம்ப்யூட்டரோடு பிறந்த ரெகவரி பார்ட்டிஷன், அதாவது பழுதுபார்க்க டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த பகுதி.

முதல் நான்கில் பழையதை நீக்கலாம். ஐந்தாவது பக்கம் போகவே வேண்டாம். ஏன் என்பது பின்னால் வருகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் உண்டு, அந்த வாசல் வழியாகத்தான் நீக்க வேண்டும். ஃபைல் எக்ஸ்புளோரரில் புகுந்து ஃபோல்டரைப் பிடித்து டெலிட் அடிப்பது பெரும்பாலும் சரியான வாசல் இல்லை.

முதலில் அளவு எடுங்கள்

செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். சி டிரைவ் எதனால் நிரம்பியிருக்கிறது என்று பட்டை பட்டையாகக் காட்டும். 'ஷோ மோர் கேட்டகரீஸ்' அழுத்தினால் 'சிஸ்டம் அண்ட் ரிசர்வ்டு' என்று ஒரு வரி வரும். அதற்குள் போங்கள். ரீஸ்டோர் பாயிண்ட்கள் பிடித்திருக்கும் இடம், ஹைபர்னேஷன் கோப்பின் (திறந்திருக்கும் வேலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைய உதவுவது) அளவு எல்லாம் அங்கே தெரியும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ஒரு கட்டளை இருக்கிறது. ஸ்டார்ட் தேடலில் சிஎம்டி என்று அடித்து, வரும் கமாண்ட் பிராம்ப்ட்டின் மேல் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கறுப்புத் திரையில் வி, எஸ், எஸ், ஏ, டி, எம், ஐ, என் என்ற எட்டு எழுத்தையும் ஒட்டி அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு லிஸ்ட். இன்னோர் இடைவெளி விட்டு ஷேடோஸ்டோரேஜ், இதுவும் ஒரே சொல்லாக. என்டர் தட்டினால் மூன்று எண்கள் வரும்: 'யூஸ்டு' இப்போது பிடித்திருப்பது, 'அலொகேட்டட்' ஒதுக்கி வைத்திருப்பது, 'மேக்ஸிமம்' எதுவரை வளர அனுமதி என்பது. சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் யூஸ்டு 19 ஜிபி.

கட்டளை பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. சி டிரைவில் உள்ள எல்லா ஃபோல்டரையும் தேர்ந்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் ஒரு கூட்டுத்தொகை வரும். டிரைவின் 'யூஸ்டு ஸ்பேஸ்' அதைவிட வெகுவாகக் கூடுதலாக இருந்தால், கணக்கில் வராத அந்த ஜிபிக்களில் ஒரு பகுதி 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைவான ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கும். ரீஸ்டோர் பாயிண்ட்களின் வீடு அது. உள்ளே நுழைய விண்டோஸ் விடாது. அளவு பூஜ்யம் என்றே காட்டும். பெர்மிஷனை மாற்றிக்கொண்டு உள்ளே போகச் சொல்லும் யோசனைகள் கண்ணில் பட்டால் கடந்து போய்விடுங்கள்.

கை வைக்கும் முன்

கோப்புகளை வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பது தெரிந்த விஷயம், செய்துவிடுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி: கம்ப்யூட்டர் இப்போது ஆரோக்கியமாக இருக்கிறதா?

போன வாரத்திலிருந்து நீலத் திரை வருகிறது, பிரிண்டர் வேலை செய்யவில்லை, ஏதோ அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் வரவில்லை என்றெல்லாம் இருந்தால், நோய் வருவதற்கு முந்தைய நிலை அந்தப் பழைய பாயிண்ட்களில்தான் இருக்கும். புதிய பாயிண்ட் நோயையும் சேர்த்தே படம் பிடித்திருக்கும். முதலில் நோயைத் தீருங்கள், பிறகு இடத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். ரீஸ்டோர் செய்தால் உங்கள் டாக்குமென்ட்டுகள் மாறாது. விண்டோஸ், புரோகிராம்கள், டிரைவர்கள்தான் பின்னுக்குப் போகும். அதனால் "அதில் என் ஃபைல் எதுவும் இல்லை" என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். முழு உண்மை அதுவல்ல. சி டிரைவில் உள்ள ஏதாவது ஒரு ஃபோல்டரை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' திறந்து பாருங்கள். ரீஸ்டோர் பாயிண்ட் எடுத்த நாளில் அந்த ஃபோல்டர் எப்படி இருந்ததோ அப்படியே திறக்கும். தவறிப்போய் அழித்த கோப்பு, மேலெழுதிவிட்ட கணக்கு, எது வேண்டுமானாலும் அங்கே கிடைக்கலாம். பாயிண்ட்களை நீக்கினால் இவையும் போய்விடும். எஸ்எஸ்டியில் போனது போனதுதான். சித்தப்பா அழித்த திருவிழா போட்டோக்கள் கிடைத்தது இந்த வழியில்தான். அவர் டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்ததால் பிழைத்தார். டி டிரைவில் வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை, வழக்கமாக சி டிரைவுக்கு மட்டும்தான் அது இயங்கும்.

விண்டோஸ்.ஓல்டு: ஒரே அடியில் பெரிய லாபம்

இதை முதலில் செய்யுங்கள். புது ரீஸ்டோர் பாயிண்ட் எடுக்கவே கொஞ்சம் இடம் வேண்டும், அந்த இடம் இதிலிருந்து கிடைத்துவிடும்.

எடுப்பதற்கு முன் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரைத் திறந்து, 'யூசர்ஸ்' உள்ளே ஒரு நடை போய் வாருங்கள். மேம்படுத்தியபோது விட்டுப்போன டாக்குமென்ட் ஏதாவது இருந்தால் நகலெடுத்துக்கொள்ளலாம். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், 'டெம்பரரி ஃபைல்ஸ்'. பட்டியலில் 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்ற வரிக்கு டிக் போட்டு 'ரிமூவ் ஃபைல்ஸ்'.

அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதில் டிக் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிசைன் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் கிடக்கும், உங்கள் வீட்டிலும் ஆதார் பிடிஎஃப் முதல் கரன்ட் பில் வரை அங்கேதான் கிடக்கும்.

விண்டோஸ்.ஓல்டைப் பத்து நாளில் விண்டோஸே எடுத்துவிடும் என்பது பொதுவான ஏற்பாடு. அந்தப் பத்து நாளுக்குள் செட்டிங்ஸின் 'ரெகவரி' பக்கத்தில் 'கோ பேக்' அழுத்தினால் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதனால் புது விண்டோஸில் உங்கள் பிரிண்டர், ஸ்கேனர், எழுத்துருக்கள், டேலி எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகு நீக்குங்கள். சித்தப்பா அப்டேட் செய்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பழைய தமிழ் எழுத்துரு, கன்னட 'நுடி', இரண்டு பிரிண்டர் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நீக்கினோம். கால் மணி நேரம் பிடித்தது. 24 ஜிபி திரும்பியது. பெண் வீட்டாரின் பத்திரிகை அப்போதே சேவ் ஆகிவிட்டது, அவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இனி அவசரமில்லாமல் வேலை பார்க்கலாம்.

ரீஸ்டோர் பாயிண்ட்கள்

இதன் உள்வேலையைத் தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். ரீஸ்டோர் பாயிண்ட் எடுப்பது என்றால் முழு டிரைவையும் பிரதி எடுப்பது அல்ல. புரூஃப் திருத்துபவர் பழைய தாளைக் கிழித்துப் போடாமல் பக்கத்தில் அடுக்கி வைப்பதைப் போல, டிரைவில் ஒரு துண்டு மாறும் முன் அதன் பழைய உருவத்தை விண்டோஸ் எடுத்து ஓரமாக வைக்கிறது. துண்டு ஒன்று 16 கேபி. எடுத்த நிமிடத்தில் பாயிண்ட்டுக்கு அநேகமாக எடையே இல்லை; நீங்கள் வேலை செய்யச் செய்ய அது கனக்கிறது. ஒதுக்கிய இடம் தீர்ந்ததும் ஆகப் பழையதைத் தானே தள்ளிவிடும். தினமும் பெரிய பெரிய கோரல்டிரா கோப்புகளைத் திருத்திச் சேமிக்கிற கடைக் கம்ப்யூட்டரில் இது மளமளவென்று ஏறும். ஈமெயில் மட்டும் பார்க்கிற லேப்டாப்பில் மாதக்கணக்கில் நகராது.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பாயிண்ட்களுக்கு 60 நாள்தான் ஆயுள். மூன்று மாதத்துக்கு முந்தைய நிலைக்குத் திரும்பலாம் என்று யாராவது அதை நம்பிக்கொண்டிருந்தால், நம்பிக்கையை இப்போதே திருத்திக்கொள்வது நல்லது.

நான் எப்போதும் செய்யும் முறை: புதியதாக ஒன்றை எடுத்துவிட்டு, பழையதை எல்லாம் நீக்குவது.

ஸ்டார்ட் தேடலில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று அடியுங்கள். சிறிய ஜன்னல் ஒன்று 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்' தாவலில் திறக்கும். டிரைவ் பட்டியலில் சிக்கு எதிரே 'ஆன்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஆஃப்' என்றிருந்தால் உங்களிடம் ரீஸ்டோர் பாயிண்ட்டே இல்லை, இடத்தைத் தின்பது வேறு ஏதோ. ஆன் என்றால், கீழே 'கிரியேட்' பொத்தான். பெயர் கேட்கும், தேதி தானே பதிவாகும் என்பதால் காரணத்தை எழுதுங்கள். நான் 'சுத்தம் செய்யும் முன்' என்று எழுதினேன். முடிந்ததும் மேலே உள்ள 'சிஸ்டம் ரீஸ்டோர்' பொத்தானை அழுத்தி, பட்டியலில் அது வந்திருக்கிறதா பார்த்துவிட்டு 'கேன்சல்' கொடுங்கள். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு பழையதை நீக்கி, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது தேடலில் 'டிஸ்க் கிளீனப்'. சி டிரைவைத் தேர்ந்ததும் ஒரு ஜன்னல் வரும். அதில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற பொத்தானை அழுத்துங்கள். மறுபடி டிரைவ் கேட்கும், மறுபடி சி. இந்த இரண்டாவது சுற்றில்தான் மேலே 'மோர் ஆப்ஷன்ஸ்' என்று புதுத் தாவல் முளைக்கும். பலர் முதல் சுற்றிலேயே தேடிவிட்டு "என் கம்ப்யூட்டர்ல அது இல்ல" என்கிறார்கள். தாவலின் கீழ்ப் பாதியில் 'சிஸ்டம் ரீஸ்டோர் அண்ட் ஷேடோ காப்பீஸ்' இருக்கும். 'கிளீன் அப்', பிறகு 'டெலிட்'. கடைசியாக எடுத்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் போய்விடும்.

வேலை முடிந்ததும் 'ஓகே' அடிக்காமல் 'கேன்சல்' அடியுங்கள். ஓகே அடித்தால் முதல் தாவலில் டிக் விழுந்திருப்பதையும் சேர்த்து அழிக்கத் தொடங்கும். அதுவும் வேண்டுமென்றால் தனியாகப் பார்த்துச் செய்யலாம். எஃப்5 தட்டிவிட்டு டிரைவைப் பாருங்கள். எங்களுக்கு 19 ஜிபி ஒன்று சொச்சமாகக் குறைந்தது.

எல்லாவற்றையும் நீக்காமல் ஆகப் பழைய ஒன்றை மட்டும் நீக்கவும் வழி இருக்கிறது. மறுபடி அட்மினிஸ்ட்ரேட்டர் கறுப்புத் திரை. அதே எட்டெழுத்துச் சொல், இடைவெளி, டெலிட், இடைவெளி, ஷேடோஸ், இடைவெளி, சாய்கோடு போட்டு ஃபார், ஒட்டியே சமக்குறி, சி, கோலன், இடைவெளி, சாய்கோடு போட்டு ஓல்டெஸ்ட். ஆமா என்றால் ஒய். நடுவில் இருப்பதை நீக்கினால் எதிர்பார்த்த அளவு திரும்பாது. அடுக்கி வைத்த தாள்கள் ஒன்றையொன்று சார்ந்தவை.

இதே கட்டளையில் ஓல்டெஸ்ட் இருந்த இடத்தில் 'ஆல்' போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழிக்கலாம். உங்கள் ஆன்டிவைரஸ் அதற்குக் கூச்சல் போட்டால் திகைக்க வேண்டாம். 2017 மே மாதம் உலகத்தை ஆட்டிய வான்னாக்ரை உட்பட எத்தனையோ ரான்சம்வேர்கள் உள்ளே நுழைந்ததும் செய்தது இதைத்தான்: திரும்பிப் போகும் வழியை முதலில் அடைத்துவிட்டுப் பணம் கேட்டன.

திரும்ப வளராமல் இருக்க

அதே 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்' ஜன்னலில் சி டிரைவைத் தேர்ந்து 'கன்ஃபிகர்' அழுத்துங்கள். 'மேக்ஸ் யூசேஜ்' என்ற நகர்த்தி இருக்கும். சித்தப்பாவுக்கு அது 10 சதவீதத்தில், அதாவது கிட்டத்தட்ட 24 ஜிபியில் நின்றது. 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன், ஏறக்குறைய ஒன்பதரை ஜிபி. 1 டிபி டிரைவ் என்றால் ஒன்றிரண்டு சதவீதமே தாராளம். நகர்த்தியைக் குறைத்தால் அதற்கு மேல் உள்ள பழைய பாயிண்ட்கள் தானாகவே விழுந்துவிடும். ஆக, பொறுமை இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலும் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

அங்கேயே 'டெலிட்' பொத்தான் ஒன்றும் இருக்கிறது. அது கடைசி ஒன்றைக்கூட விடாது. 'டிசேபிள் சிஸ்டம் புரொடெக்‌ஷன்' என்பதும் அருகில் இருக்கிறது. இடம் மிச்சம் என்று அணைத்துவிடச் சொல்லும் ஆட்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். முகூர்த்த நாளுக்கு முந்தின இரவு ஒரு பிரிண்டர் டிரைவர் சண்டித்தனம் செய்தால் அந்த ஒன்பது ஜிபியின் விலை தெரியும்.

சிஸ்டம் இமேஜ்

கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர், விண்டோஸ் 7' என்று ஒரு பழைய பகுதி இன்னும் இருக்கிறது. யாராவது எப்போதாவது அதை இயக்கி வைத்திருந்தால் ஏதாவது ஒரு டிரைவில் 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' என்ற ஃபோல்டர் இருக்கும். அந்தப் பகுதியில் 'மேனேஜ் ஸ்பேஸ்' அழுத்துங்கள். மேலே 'வியூ பேக்கப்ஸ்': கோப்புகளின் பேக்கப்பைக் காலவாரியாகக் காட்டும், பழையதைத் தேர்ந்து நீக்கலாம். கீழே 'சேஞ்ச் செட்டிங்ஸ்': இமேஜ்களை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் டிஸ்க்கில் 30 சதவீதம் வரை சேர்த்து வைக்கும், கடைசி ஒன்று போதும் என்றால் பழையதை எல்லாம் விட்டுவிடும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

வேறு ஒரு பழைய கம்ப்யூட்டரின் இமேஜ் வெளி ஹார்ட் டிஸ்க்கில் அனாதையாகக் கிடக்கிறது என்றால் மட்டும் ஃபோல்டரை நேரடியாக அழிக்கலாம். உள்ளே கம்ப்யூட்டரின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் தேதியோடு இன்னொன்று என்று இருக்கும். எந்தக் கம்ப்யூட்டர், எந்த ஆண்டு என்று படித்துவிட்டு அழியுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் ரீசைக்கிள் பின் உண்டு, அதைக் காலி செய்தால்தான் இடம் வரும். 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்திருந்தால் ரீஸ்டோர் செய்யும்போது விண்டோஸுக்கு அந்த இமேஜ் கண்ணில் படாது. பெயரைத் திரும்ப மாற்றினால் படும்.

சித்தப்பாவிடம் இருந்த இமேஜ் அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் இருந்தது. வீட்டுச் சாவியின் டூப்ளிகேட்டை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போல. அழித்துவிட்டு, எஸ்.பி. ரோட்டில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி அதில் புதிதாக எடுத்தோம்.

ஃபைல் ஹிஸ்டரி

சுருக்கமாக: கன்ட்ரோல் பேனல், ஃபைல் ஹிஸ்டரி, 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்', 'கிளீன் அப் வெர்ஷன்ஸ்'. ஒரு வருடத்துக்கு மேல் பழையவை என்று முன்கூட்டியே தேர்ந்திருக்கும், பெரும்பாலோருக்கு அதுவே போதும். 'ஆல் பட் தி லேட்டஸ்ட் ஒன்' என்பது கடைசிப் பதிப்பை மட்டும் விட்டு வைக்கும். வாடிக்கையாளர் "முதல்ல காட்டினீங்களே, அந்த டிசைனே போடுங்க" என்று கேட்கும் தொழிலில் இருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

வெளி மென்பொருளின் பேக்கப்: இங்கே நான் சூடு பட்டவன்

அக்ரோனிஸ், மேக்ரியம், வீம் போன்றவற்றால் எடுத்த பேக்கப்கள் சங்கிலியாக இருக்கும். முதலில் ஒரு முழுப் பேக்கப், பிறகு தினமும் மாறியதை மட்டும் சேர்க்கும் சிறு சிறு கோப்புகள். சில வருடங்களுக்கு முன் என் சொந்த லேப்டாப் பேக்கப் டிஸ்க் நிரம்பியபோது, தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஆகப் பழையது, ஆகப் பெரியது ஒன்று மேலே நின்றது, 90 ஜிபி. பழையதுதானே என்று ஷிஃப்ட் டெலிட். அடுத்த மாதம் ஒரு கோப்பு தேவைப்பட்டுத் திறந்தால், மீதி இருந்த இருபத்து சொச்சம் கோப்புகளும் தங்கள் அடிவாரத்தைத் தேடிக்கொண்டு நின்றன. நான் அழித்தது அஸ்திவாரத்தை.

அதனால் இவற்றை அந்தந்த மென்பொருளுக்குள் போய்த்தான் நீக்க வேண்டும். எத்தனை முழுப் பேக்கப், எத்தனை நாள் என்று வைத்திருக்கும் விதி அங்கே இருக்கும். எண்ணைக் குறைத்தால் சங்கிலி அறுபடாமல் அதுவே பழையதை உதிர்க்கும். மென்பொருளே இப்போது இல்லை, கோப்புகள் மட்டும் இருக்கின்றன என்றால், ஒரு முழுச் சங்கிலியை மொத்தமாக நீக்குங்கள் அல்லது மொத்தமாக வைத்திருங்கள்.

ரெகவரி பார்ட்டிஷன்

'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தால் 'ரெகவரி பார்ட்டிஷன்' என்று சிறிய கட்டம் தெரியும். சில லேப்டாப்களில் தயாரிப்பாளரின் பெரிய கட்டமும் இருக்கும், பத்துப் பதினைந்து ஜிபிக்கு. வலது கிளிக் செய்தால் 'ஹெல்ப்' தவிர ஒன்றும் வராது. விண்டோஸ் பூட்டி வைத்திருக்கிறது என்று பொருள். கட்டளை வழியாக அந்தப் பூட்டை உடைக்கலாம். உடைத்தாலும் பலருக்குப் பலனில்லை, ஏனென்றால் சி டிரைவை நீட்ட வேண்டுமானால் காலி இடம் அதன் வலது பக்கத்தில் ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் வேறு கட்டம் இருந்தால் 'எக்ஸ்டெண்ட்' மங்கலாகவே நிற்கும். விண்டோஸ் எழாத நாளில் பழுதுபார்க்கும் திரை அந்தக் கட்டத்திலிருந்துதான் வருகிறது. தெரிந்தவர் ஒருவரின் லேப்டாப்பில் ஒரு ரிப்பேர்க்காரர் "வேஸ்ட்டா கெடக்கு சார்" என்று அதை எடுத்துவிட்டார். அடுத்த முறை லேப்டாப் எழாமல் நின்றபோது பென் டிரைவும் கையுமாக இரவு முழுக்க உட்கார்ந்தது நான்தான்.

சில்லறைகள்

பேக்கப் இல்லை என்றாலும் பேக்கப் போலவே ஒளிந்திருப்பவை இரண்டு. கோரல்டிரா ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் 'பேக்கப் ஆஃப்' என்று தொடங்கும் ஒரு இரட்டையை உருவாக்கும். டிசைன் ஃபோல்டரில் அந்தச் சொல்லைத் தேடி, முடிந்துபோன கல்யாணங்களுடையதை நீக்கலாம். சித்தப்பா கடையில் பத்து வருடத்துக்கு இருந்தன, அதில் சில தம்பதியரின் குழந்தைகள் பள்ளிக்கூடமே போகிறார்கள்.

மற்றொன்று ஹைபர்னேஷன் கோப்பு. வழக்கமாக ராம் எனும் தற்காலிக நினைவகத்தின் 40 சதவீதம். 16 ஜிபி ராம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். யுபிஎஸ் உள்ள டெஸ்க்டாப்புக்கு அது தேவையில்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் கறுப்புத் திரையில் பி, ஓ, டபிள்யூ, இ, ஆர், சி, எஃப், ஜி ஒட்டி, இடைவெளி, சாய்கோடு எச், இடைவெளி, ஆஃப். வேகமாக எழும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியும் இதோடு போய்விடும், காலையில் சில விநாடி கூடுதலாகும். மூடியை மூடிவிட்டு பையில் போட்டு ஓடுகிற லேப்டாப்காரர்கள் இதை அப்படியே விட்டுவிடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு டைம் மெஷினின் உள்ளூர் ஸ்னாப்ஷாட்கள் இதே வேலையைச் செய்யும். இடம் நெருக்கினால் மேக் அவற்றைத் தானே நீக்கிக்கொள்ளும். உடனே வேண்டுமென்றால் 'டிஸ்க் யுடிலிட்டி'யில் டேட்டா வால்யூமைத் தேர்ந்து, 'வியூ' மெனுவில் ஸ்னாப்ஷாட்களைக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றாக நீக்கலாம்.

மதியம் மூன்று மணிக்கு எஃப்5 தட்டியபோது சி டிரைவ் நீலத்துக்குத் திரும்பி 49 ஜிபி காட்டியது. சித்தப்பா அதை நம்பாமல் தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு புது ஹார்ட் டிஸ்க்கின் முதுகில் செலோடேப் ஒட்டி, அதன் மேல் மார்க்கரில் தேதி எழுதினார். ஒரு மாதம் கழித்து அந்த ஷேடோஸ்டோரேஜ் கட்டளையைப் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்லி அடிக்கச் சொன்னேன். யூஸ்டு மூன்று ஜிபி.

"அந்த எட்டெழுத்தை இன்னொரு தடவ சொல்லு," என்றார். "காலண்டர் பின்னாடி எழுதி வச்சுக்கறேன்."